பெயர் சொல்லாமல் விற்ற ஊறுகாய்

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. கடைகளில் விற்கும் பொருள்களின் பெயர்களைப் பற்றிய நோட்டு அது. ஆனால் அதில் ஒரு பெயர்கூட எழுதப்பட்டிருக்காது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை ஏன் எழுத வேண்டி வந்தது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

போர்ட் பிளேரின் ஹேடோ பகுதியில் துறைமுக மதிலுக்கு எதிரே ஒரு மொத்த வியாபாரியின் கோடவுனில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை செய்கிறேன். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் சரக்கை இறக்கி வைத்து, வடக்கே மாயாபந்தர் வரைக்கும் தெற்கே ஹட் பே வரைக்கும் அனுப்புகிறோம். சோப்பு, ரஸ்க், கொசுவர்த்தி, தலைக்கு எண்ணெய், ஊதுபத்தி. வந்த பெட்டிகளை எண்ணி, எந்தத் தீவுக்கு எது என்று பிரித்து எழுதுவது என் வேலை. சரக்கு எண்ணுவதை இங்கே டாலி என்பார்கள், அதனால் எல்லோருக்கும் நான் டாலி பாபு. என் சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் இருக்கிறது. வேறு எங்கே இருக்கிறது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

மெயின்லேண்டில் ஒரு கம்பெனி தன் சோப்புக்குப் பெயர் வைக்கும்போது அந்த ஊர் மொழியில் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறது. அது போதும் அவர்களுக்கு. இங்கே அதே சோப்புப் பெட்டி ஒரே பகலில் பெங்காலி, தெலுங்கு, மலையாளம், ராஞ்சிக்காரர் பேச்சு, தமிழ், எல்லோருக்கும் பொதுவான தீவு இந்தி என்று ஆறு விதமான காதுகளைத் தாண்டிப் போக வேண்டும். ஏதாவது ஒரு காதில் அது கெட்ட வார்த்தையாக விழுந்துவிடும்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் குழந்தைகளுக்கான ரஸ்க் ஒன்று வந்தது. டப்பாவில் சிரிக்கிற குழந்தைப் படம். எங்கள் விற்பனையாள் அதை எடுத்துக்கொண்டு, ஒரு பெங்காலிக் குடியிருப்பில் ஒரு அம்மா நடத்தும் கடைக்குப் போனார். பெயரை உரக்கச் சொல்லி, "குழந்தைக்கு ரொம்ப நல்லதும்மா, காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு" என்று இந்தியில் விளக்கினார். அந்த அம்மா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கணவரைக் கூப்பிட்டார். விற்பனையாள் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்து சேர்ந்தார். மறுநாள் நான் போய் மன்னிப்புக் கேட்டுச் சைக்கிளை மீட்டு வந்தேன். அந்த வாரமே நோட்டைத் தொடங்கினேன்.

நாங்கள் இதற்குப் 'பெயர் பார்ப்பது' என்று சொல்வோம். புதிய பொருள் வந்தால் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு பதினொரு மணிக்கு வாசலில் உள்ள டீக்கடைக்குப் போவேன். டீக்கடைக்காரர் பெங்காலி. என் வயதுதான் இருக்கும். எங்கள் சுமை இறக்குபவர்களின் மேஸ்திரி தெலுங்கர். அவரும் அந்த நேரத்தில் அங்கே இருப்பார். இருவருக்கும் கோடவுன் தமிழ் நன்றாகவே வரும். டீ குடிக்க வந்த மற்றவர்களையும் சேர்த்துக்கொள்வோம். பொருளின் பெயரை மூன்று தடவை சொல்வேன். மெதுவாக ஒரு தடவை, வேகமாக ஒரு தடவை, கடைக்காரர் உள்ளே இருக்கும் ஆளைக் கூப்பிட்டு எடுத்து வரச் சொல்வதுபோல ஒரு தடவை. சில பெயர்கள் மெதுவாகச் சொன்னால் ஒழுக்கமாக இருக்கும். கூப்பிட்டால்தான் கெட்டுப்போகும்.

சொல்லிவிட்டு முகங்களைப் பார்ப்பேன். சிரித்தால் ஒரு புள்ளி. முகத்தைத் திருப்பிக்கொண்டால் இரண்டு. "பாபு, இதைக் கடையில சொல்லாதீங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் மூன்று. நோட்டில் மொழியும் புள்ளியும் பெட்டியின் எண்ணும் மட்டும் இருக்கும். அந்தச் சொற்கள் என் கையெழுத்தில் இருக்க வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன்.

மூன்று புள்ளி விழுந்த பொருளுக்கு அங்கேயே ஒரு செல்லப்பெயர் வைப்போம், படத்தையோ நிறத்தையோ பார்த்து. அதற்குப் பிறகு விற்பனையாள்கள் அந்தப் பெயரில்தான் ஆர்டர் எடுப்பார்கள். அதனால்தான் எங்கள் தீவுகளில் பாதிப் பேர் கடையில் பொருளின் பெயரைக் கேட்பதில்லை. பச்சைக்காரன், யானை சோப்பு, மீசைக்காரன் டப்பா என்று கேட்பார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது.

அந்தப் பதினொரு மணிக் கூட்டம்தான் என் நாளில் சத்தமான பகுதி. ஒரு முறை கொசுவர்த்தி ஒன்றின் பெயரைச் சொன்னபோது மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாபு, எங்க பக்கம் மாமனாரைத் திட்டுறதுக்குன்னே இந்த வார்த்தையை வச்சிருக்கோம். எனக்கு ஒரு பெட்டி தனியா எடுத்து வைங்க" என்றார்.

"சசுர் வீட்டுக்குப் பார்சலா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"பேர் மேல இருக்கிற மாதிரி ஒட்டி அனுப்பணும்."

"அவரு பதிலுக்கு ஒரு மச்சர்தானி, கொசுவலை, அனுப்பிட்டுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருவாரு, பாத்துக்கோ."

அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பத்து நிமிடத்தில் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவோம். மேஸ்திரிக்கு வீட்டில் ஆறு பேர். டீக்கடைக்காரருக்குக் கடைக்குப் பின்னாலேயே வீடு, பேரக் குழந்தைகள். எனக்குத் துறைமுகக் குடியிருப்புகளைத் தாண்டி ஒரு வாடகை அறை. அப்பா துறைமுக வேலைக்காக வந்தவர். அவரும் அம்மாவும் காலமான பிறகு குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்குச் சொல்லத்தக்க காரணம் எதுவும் இல்லை. பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் வருடங்கள் போய்விட்டன. நாள் தவறாமல் டைரி எழுதுகிறேன். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே வரிதான் இருக்கும்: யாரிடமும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அரைப் பக்கம் இருக்கும். அன்று காலை பத்தே காலுக்குக் கோடவுன் போனில் ஹட் பேயிலிருந்து ஒரு அக்கா கூப்பிடுவார்.

அவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். கணவரோடு எண்ணெய்ப் பனைத் தோட்ட வேலைக்கு வந்து ஹட் பேயில் தங்கிவிட்டவர். தோட்டம் நின்றுபோனது. சில வருடங்களில் கணவரும் இறந்துவிட்டார். மகன் திருப்பூரில், மகள் ஓசூரில். அக்கா தனியாக இருந்துகொண்டு சூரை மீனில் ஊறுகாய் போட்டு விற்கத் தொடங்கினார். அதற்கு வேண்டிய கண்ணாடி போத்தல், வினிகர், நல்லெண்ணெய், கடுகு எல்லாம் எங்களிடம் வாங்குவார். ஆர்டர் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் எங்கள் பேச்சு பதினொரு நிமிடம் போகும். எடுத்த நேரத்தையும் வைத்த நேரத்தையும் குறித்து வைப்பது என் பழக்கம், அதனால் சொல்கிறேன்.

பெயர் பார்க்கும் கதைகளை அவரிடம்தான் சொல்வேன். கெட்ட சொல்லைச் சொல்லாமல், மொழியும் புள்ளியும் மட்டும்.

"இந்த வாரம் ஒரு தலைவலித் தைலம் அக்கா. மலையாளத்துல ரெண்டு புள்ளி."

"யாரு மூஞ்சியத் திருப்புனா?"

"பில் போடுற பொண்ணு."

"பாவம், அதுக்கே தலைவலி வந்திருக்கும். ஏன் தம்பி, நீங்க இதச் சொல்றப்ப உங்களுக்குக் கூச்சமா இருக்காதா?"

"நான் சும்மா வாசிக்கிறவன்தானேக்கா."

பேச்சு எப்படிப் போனாலும் கடைசியில் ஒரே கேள்வியில் முடியும். "சாப்பிட்டாச்சா தம்பி?" பத்தரை மணிக்கு யாரும் மதியம் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். காலையா மதியமா என்று நானும் கேட்டதில்லை. "ஆச்சுக்கா" என்பேன். அதுவரை நான் அவரைப் பார்த்ததே இல்லை.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை அவர் சொன்னார், இனிமேல் ஊறுகாயை வெறும் போத்தலில் விற்கப் போவதில்லை, லேபிள் ஒட்டி எங்கள் கோடவுன் வழியாக எல்லாத் தீவுகளுக்கும் அனுப்பப் போகிறேன் என்று. சிவப்பு மீன் படம் போட்டு, பெயர் தமிழிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் இருக்கும்படி சென்னையில் அச்சடிக்கக் கொடுத்தாகிவிட்டது. அடுத்த கப்பலில் வந்துவிடும்.

"என்ன பேர் அக்கா?"

"மகன் பேர்ல மொத ரெண்டு எழுத்து, மக பேர்ல கடைசி ரெண்டு எழுத்து. சேத்துப் பாத்தேன், நல்லா வந்துச்சு."

நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான் அது. பிள்ளைகளின் பெயர்களை வெட்டி ஒட்டிக் கடைக்கும் லாரிக்கும் வீட்டுக்கும் வைக்காதவர் யார். அவர் பெயரைச் சொன்னார். நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். டீக்கடை வரைக்கும் போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. இருபது வருடமாக ஹேடோ வாசலில் நிற்பவனுக்கு அந்தச் சொல் தெரியும்.

"ரெண்டு பேரும் இங்க வரப்போறதில்ல தம்பி," என்றார் அக்கா. "போன் பண்ணுவாங்க, நல்லது பொல்லதுக்கு. வரமாட்டாங்க. சரி, பேராவது தீவு பூரா போயிட்டு வரட்டுமே. ஒரு மனுசன் கடைக்கு வந்து பேரச் சொல்லிக் கேக்குறப்ப, என் புள்ளைங்களக் கூப்பிட்ட மாதிரி இருக்கும்ல? நான் அங்க இல்லாட்டியும்." பிறகு, "உங்க நோட்டு முறைப்படி பாத்துச் சொல்லுங்க. அடுத்த வாரம் கேக்குறேன்" என்றார்.

முறையென்றால் முறை. மறுநாள் பதினொரு மணிக்கு டீக்கடையில் பெயரை மெதுவாக ஒரு தடவை சொன்னேன். டீக்கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "பாபு, ஜோர் சே மத் போலோ," என்றார் தணிந்த குரலில், சத்தமாகச் சொல்லாதே என்று. "உள்ள மருமக இருக்கா."

மேஸ்திரிக்கு டீ புரையேறிவிட்டது. இருமி முடித்து, "பினாயிலா?" என்று கேட்டார்.

"ஊறுகாய்."

"சாப்பிடுறதா?"

"சூரை மீன்."

அதற்குமேல் அவர்களால் பேச முடியவில்லை. மேஸ்திரி சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். டீக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவன் வச்ச பேரு பாபு இது? துஷ்மனா, விரோதியா?" என்றார்.

"ஒரு அம்மா. பிள்ளைங்க பேரு."

சிரிப்பு நின்றது. டீக்கடைக்காரர் அடுப்பைத் திருகினார். வேகமாகச் சொல்வதையும் கூப்பிட்டுச் சொல்வதையும் நான் செய்யவில்லை. நோட்டில் ஒரு புதிய பக்கத்தைத் திருப்பி, பெட்டி எண்ணுக்கான இடத்தில் ஹட் பே என்று எழுதினேன். மொழி எழுதவில்லை, புள்ளி வைக்கவில்லை.

அடுத்த செவ்வாய், பத்தே கால்.

"பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேன். ஆறு மொழியிலயும் சுத்தம்."

அக்கா உடனே சந்தோஷப்படவில்லை. "பெங்காலியிலயும்?" என்று கேட்டார்.

"பெங்காலியிலயும்."

"இந்தியில?"

"ஒண்ணும் இல்லக்கா. நல்ல பேரு."

"அப்பச் சரி," என்றார். பிறகு சாப்பிட்டாச்சா என்று கேட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு அன்றைய டைரியில் ஒரு காரணம்தான் இருக்கிறது: லேபிள் அச்சாகிக் கப்பல் ஏறிவிட்டது. எழுதாத காரணம் இன்னொன்று. உண்மையைச் சொன்னால் அந்தச் சொல் எங்கள் இருவருக்கும் நடுவே வந்து உட்கார்ந்துவிடும். அவர் கூச்சப்படுவார். அடுத்த வாரம் ஆர்டரை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைப்பார். வாரத்தில் எனக்கு இருந்தது பதினொரு நிமிடம். அதை இழக்க நான் தயாராக இல்லை.

ஊறுகாய்ப் பெட்டிகள் வந்தன. எங்கள் கோடவுனில் எடையும் ஏஜென்ட் விவரமும் அச்சிட்ட வெள்ளைச் சீட்டுகள் சுருளாக இருக்கும், பின்னால் பசையோடு. அவற்றை எடுத்து ஒவ்வொரு போத்தலிலும் இந்திப் பெயரின்மேலும் இங்கிலீஷ் பெயரின்மேலும் குறுக்காக ஒட்டினேன். தமிழில் இருந்ததை விட்டுவிட்டேன். வேறு யாரிடமும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில், சன்னலோரம் பெட்டியை வைத்துக்கொண்டு, அளவுகோலால் ஓரம் பார்த்து ஒட்டுவேன். செல்லப்பெயர் வைக்க டீக்கடைக்குப் போகவில்லை. சிவப்பு மீன் படம் இருந்ததால் நானே 'லால் மச்லி' என்று வைத்துவிட்டேன். சிவப்பு மீன்.

ஊறுகாய் நன்றாகவே இருந்தது. மாயாபந்தரில் கடை வைத்திருக்கும் ஒரு பெங்காலிக்காரர் இரண்டாவது வாரமே போனில், "அந்த லால் மச்லி இன்னும் வேணும் பாபு" என்றார். ரங்கத் என்ற ஊரிலிருந்தும் கேட்டார்கள். அக்காவிடம் சொன்னேன்.

"பேரச் சொல்லியா கேட்டாங்க?"

"ஆமாக்கா."

"எப்படிச் சொல்றாங்க? பெங்காலிக்காரங்க வாயில அந்தக் கடைசி எழுத்து வருமா?"

"வருது."

ஒரு மழைக்காலம் முழுக்க இந்தக் கேள்வி வந்தது. ஒவ்வொரு வாரமும் நான் ஒவ்வொரு ஊரைச் சொல்ல வேண்டியிருந்தது. எந்த வாரம் எந்த ஊரைச் சொன்னேன் என்று டைரியில் குறித்துக்கொண்டேன், மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. காப்பாற்ற நினைத்த அந்தப் பதினொரு நிமிடத்தில் ஐந்து நிமிடம் பொய்யாகிவிட்டது. திங்கட்கிழமைகளில் எனக்குப் பசிக்காமல் போனது.

மழை நின்ற பிறகு அவர் கண் பரிசோதனைக்காகப் போர்ட் பிளேர் வந்தார். வருவதாகச் சொல்லவில்லை. கோடவுன் வாசலில் ஒரு அம்மா வந்து நின்று, "டாலி பாபு யாரு?" என்று கேட்டபோது குரலை வைத்துத்தான் தெரிந்தது. நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளமாக, மெலிந்து இருந்தார். வெளுத்த நீலச் சேலை, தோளில் துணிப்பை. ஒரு கையில் அவருடைய ஊறுகாய்ப் போத்தல். மறு கையை மூடி வைத்திருந்தார்.

"வாங்கக்கா" என்று நாற்காலியை இழுத்தேன். டீக்கடைக்காரர் நான் சொல்லாமலேயே டீ கொண்டு வந்து வைத்துவிட்டுக் கதவருகே நின்றார். மேஸ்திரி எதிரே பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வர்ற வழியில ஒரு கடையில கேட்டேன்," என்றார் அக்கா. "பேரச் சொல்லிக் கேட்டேன். அப்படி ஒரு சாமானே கிடையாதுன்னுட்டாரு. கேட்டதுக்கு ஒரு மாதிரி பாத்தாரு வேற. பாத்தா அவரு தலைக்கு மேல அலமாரியில இருக்கு. அதுதான்னேன். 'அது லால் மச்லி'ங்கிறாரு."

மூடியிருந்த கையைத் திறந்தார். உள்ளே சுருண்ட வெள்ளைச் சீட்டு.

"இத ஒட்டுறது யாரு?"

"நான்தான்."

"நேரா ஒட்டியிருக்கீங்க."

அவர் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"எங்க எதிர்வீட்டுப் பெங்காலி அம்மா அன்னிக்கே சொல்லிருச்சு தம்பி. நீங்க பாத்துச் சொல்றேன்னு சொன்ன வாரமே. முந்தானைய வாயில வச்சுக்கிட்டு, சிரிப்பும் அழுகையுமா. எனக்கு வேர்த்து ஊத்திருச்சு. பெறகு நெனச்சேன், அந்தத் தம்பி நோட்டு வச்சிருக்காரு, ஆறு மொழி பாக்குறாரு, அவரு சொல்லட்டும்னு. நீங்க சுத்தம்னுட்டீங்க. பெங்காலியிலயுமான்னு கூடக் கேட்டேன்."

"கேட்டீங்க."

"சரி, அந்தம்மா ஊருப் பக்கம் மட்டும் அப்படி ஒரு பேச்சு போலன்னு விட்டுட்டேன்."

"சொல்லியிருந்தா பேரை மாத்தியிருப்பீங்களா அக்கா?"

"மாத்தியிருப்பேன், மாத்தாம இருந்திருப்பேன். அது என் பாடு." டம்ளரை வைத்தார். "ஹட் பேல ஒரு மாசம் சிரிச்சாங்க. வாங்க வர்றவன் எல்லாம் சிரிச்சான். வெக்கமாத்தான் இருந்துச்சு. பெறகு பழகிப்போச்சு. இப்ப அந்தப் பெங்காலி அம்மாவே மருமகளக் கூப்பிட்டு, போயி ஒரு போத்தல் வாங்கிட்டு வான்னு பேரச் சொல்லித்தான் அனுப்புது. ஒருத்தரும் சிரிக்கல. சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை ஊறுகாயாவே ஆயிருச்சு. இங்கயும் ஆயிருக்கும். நீங்க ஒருத்தரையும் சொல்லவே விடல."

மேஸ்திரி பெட்டி அடுக்குவதை நிறுத்திவிட்டார். டீக்கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோசிச்சுப் பாத்தா நீங்களும் சொன்னதில்ல," என்றார் அக்கா. "இத்தன செவ்வாக்கிழமையில நம்ம ஊறுகா, நம்ம சரக்குன்னுதான் சொல்லியிருக்கீங்க. இப்ப ஒரு தடவ சொல்லுங்க, கேக்குறேன்."

எத்தனையோ பெயர்களை அந்த வாசலில் நின்று மூன்று மூன்று தடவை சொன்னவன் நான். மெதுவாக, வேகமாக, கூப்பிடுவதுபோல. எதிலும் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. ஆனால் அன்று, அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்த இரண்டு ஆண்கள் நிற்க, ஒரு தாயின் முகத்தைப் பார்த்து அவருடைய பிள்ளைகளின் பெயரைச் சொல்ல என்னால் முடியவில்லை. அவர் போத்தலை என் மேசைமேல் வைத்து, வெள்ளைச் சீட்டை அதன் பக்கத்தில் வைத்து, "ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு" என்று எழுந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்தே காலுக்குப் போன் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஹட் பே கப்பலில் வந்த ஒருவர் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். போத்தல் இத்தனை, வினிகர் இத்தனை, கடுகு இத்தனை. குண்டு குண்டான தமிழ் எழுத்து. வேறு ஒரு வரியும் இல்லை.

அன்றே நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். பெங்காலி, மூன்று புள்ளி. தீவு இந்தி, மூன்று புள்ளி. அதற்குக் கீழே, அந்த நோட்டில் முதல் தடவையாக, ஒரு பெயரை முழுதாக எழுதினேன். சீட்டுச் சுருளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். புதிதாக வந்த பெட்டிகளை ஒட்டாமல் அனுப்பச் சொன்னேன்.

பதினொரு மணிக்கு டீக்கடையில் நின்று பெயரைச் சொன்னேன். மெதுவாக, வேகமாக, பிறகு தெருவைப் பார்த்துக் கூப்பிடுவதுபோல. டீக்கடைக்காரர் மறுபடியும் உள்ளே திரும்பிப் பார்த்தார். மேஸ்திரி சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சிரிங்க மேஸ்திரி. ஒரு மாசம்தான் சிரிக்க முடியுமாம்," என்றேன்.

"நீங்க சொல்றதுதான் பாபு சிரிப்பா இருக்கு. கோயில்ல அர்ச்சனைக்குப் பேர் குடுக்குற மாதிரி சொல்றீங்க."

மாயாபந்தர்க்காரர் போன் செய்தபோது, லால் மச்லி என்ற பெயர் இனி இல்லை, பெயர் இதுதான் என்று சொன்னேன். "க்யா?" என்றார். மறுபடி சொன்னேன். "ஒரு நிமிஷம் பாபு, தம்பியக் கூப்பிடுறேன், அவன்கிட்டயும் சொல்லுங்க" என்றார். அவர் தம்பியிடமும் சொன்னேன். கடையிலிருந்த வேறு யாரோ ஒருவரிடமும் சொன்னேன். சிலர் அதைக் கடையில் வைக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, இத்தனை வருட அனுபவம் எங்கே போனது என்று கேட்டார். லேபிளில் இருக்கிற பெயர் அதுதான் என்று சொன்னேன்.

ஒரு மாதம் என்று அக்கா சொன்னது ஹட் பேக்குச் சரி. இங்கே மூன்று மாதம் ஆனது. ஒரு நாள் காலை டீக்கடைக்காரர் மருமகளின் காதுபட, அவருடைய பேச்சில் வராத அந்தக் கடைசி எழுத்தை வளைத்து, பெயரைச் சொல்லி, "ஒரு போத்தல் எடுத்துக்குடு பாபு, வீட்டுல தீந்துபோச்சு" என்றார். சொன்னதை அவர் கவனிக்கவில்லை. மருமகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார், நிமிரவும் இல்லை. அதை டைரியில் எழுதிவிட்டு, யாரிடம் சொல்வது என்று யோசித்தேன்.

செவ்வாய்க்கிழமை பத்தே காலுக்குப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் அவரைக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் எண்ணையே நான் எழுதி வைத்திருக்கவில்லை. மேசைமேல் அவர் வைத்துவிட்டுப் போன போத்தல் அப்படியே இருந்தது. இங்கிலீஷ் பெயருக்குக் கீழே அவருடைய போன் எண் இருந்தது. என் சீட்டின் பசை அதன் மேல்பாதியில் இன்னும் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்துப் படித்தேன்.

நாலாவது மணியில் எடுத்தார்.

"யாரு?"

"டாலி பாபு அக்கா. ஹேடோவிலேருந்து." என் சொந்தப் பெயரைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்து, விட்டுவிட்டேன்.

"சொல்லுங்க."

ஊறுகாயின் பெயரைச் சொன்னேன். "பத்துப் பெட்டி வேணும்னு மாயாபந்தர்ல கேட்டிருக்காங்க" என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"எப்படிக் கேட்டாங்க?"

"பேரச் சொல்லித்தான்."

"நெசமாவா?"

"நெசமா. சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. அவங்க இன்னும் நிறுத்தல."

"சிரிக்கட்டும்," என்றார். பிறகு, "டீக்கடைக்காரரு?" என்றார்.

"அவரு நிறுத்திட்டாரு."

"ம்."

பத்துப் பெட்டியும் அடுத்த கப்பலில் வரும் என்றார். சரி என்றேன். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவரும் உடனே வைத்துவிடவில்லை. அவர் வீட்டுப் பக்கம் ஒரு கோழி கத்தியது. பிறகு வைத்துவிட்டார்.

டைரியில் எழுதினேன். எடுத்தது பத்து பதினாறு. வைத்தது பத்து பத்தொன்பது. சாப்பிட்டாச்சா என்று அக்கா கேட்கவில்லை.